எஸ்எஃப்டிபி என்றால் பூட்டுப் போட்ட எஃப்டிபிதானே?

கேள்வி, 6 பிப்ரவரி 2024

நாங்கள் ஒரு சிறிய பதிப்பகம். அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்புவது இத்தனை நாளும் எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில்தான். இப்போது அச்சகத்தார் "எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள், போர்ட் 22" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான், எஸ்எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைந்து போகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்கிறார் எங்கள் கணினிக்காரர். அப்படியானால் ஃபயர்வாலில் 21 இருக்கும் இடத்தில் 22 போட்டால் போதாதா? எங்கள் பெரிய தலைவலி வேறு: அடிக்கடி பாதிக் கோப்புதான் போய்ச் சேர்கிறது. மாறினால் அது தீருமா?

6 பிப்ரவரி, இரவு

ஒன்றல்ல. பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது, வம்சம் வேறு.

எஃப்டிபி 1971 ஏப்ரலில், வலை நெறிமுறைகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி வரிசையில், 114 என்ற ஆவணமாக வந்தது. எழுதியவர் அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போனவர். இன்று ஓடுவது பெரும்பாலும் 1985-இல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 959. எஸ்எஃப்டிபியோ, தொலைவில் இருக்கும் கணினியோடு மறைகுறியாக்கிப் பேசும் எஸ்எஸ்எச் வீட்டுப் பிள்ளை. எஸ்எஸ்எச் 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கே யாரோ வலையில் ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போக, அதைப் பார்த்த டாட்டு யுலோனென் எழுதிய நிரல் அது. போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண். எஃப்டிபிக்கு 21, தொலைக் கணினிக்குள் பூட்டில்லாமல் நுழையும் டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் மாற்று என்பதால் நடுவில் இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் கணினிக்காரர் சொல்வது எஃப்டிபிஎஸ். அதுதான் எஃப்டிபிக்கு டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கப் பூட்டுப் போட்டது. எழுத்து இடம் மாறினால் ஆள் மாறிவிடும்.

ஃபயர்வாலைப் பற்றி: வெளியே போக 22-ஐத் திறந்தால் போதும். எஸ்எஃப்டிபிக்கு ஒரே போர்ட்தான். எஃப்டிபிக்காக முன்பு திறந்துவைத்த மற்ற ஓட்டைகளை மூடிவிடுங்கள், கண்டிப்பாக நிறைய இருக்கும்.

பாதிக் கோப்பு விஷயத்துக்குத் தனியாக வருகிறேன். அது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய கதை.

6 பிப்ரவரி, சற்றுப் பின்

குழப்பம் போதாதென்று 1984-இல் ஆர்எஃப்சி 913 என்று ஒன்று வந்தது. அதன் பெயரும் எஸ்எஃப்டிபிதான். அங்கே 'எஸ்' என்பது 'சிம்பிள்', எளிமைக்கு. போர்ட் 115. யாரும் சீண்டவில்லை. ஏதாவது பழைய ஃபயர்வால் பட்டியலில் "எஸ்எஃப்டிபி 115" என்று பார்த்தால் அதைத் திறந்துவிட்டு இணைப்பு வரவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

7 பிப்ரவரி

"எஃப்டிபிக்கு ஏன் அத்தனை போர்ட்?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்.

எஃப்டிபி இரண்டு இணைப்பு வைத்துக்கொள்ளும். ஒன்றில் பேச்சு, மற்றொன்றில் சரக்கு. பேச்சு 21-இல் நடக்கும். கோப்பு வேண்டும் என்றதும், பழைய முறைப்படி, நம் கணினி தன் முகவரியையும் ஒரு போர்ட்டையும் சர்வரிடம் சொல்லும். சர்வர் தன் பக்கம் 20-இலிருந்து நம்மைத் தேடி வரும். மளிகைக் கடைக்குப் போன் செய்தால் பையன் வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவதுபோல. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் அவனை உள்ளே விடமாட்டார். அந்த வாட்ச்மேன்தான் ஃபயர்வாலும் ரவுட்டரும்.

1971-இல் வாட்ச்மேனும் இல்லை, அடுக்குமாடியும் இல்லை. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட், இன்றைய இணையத்தின் அடிப்படை முறையான டிசிபி/ஐபிக்கு மாறியதே 1983 ஜனவரி 1-ஆம் தேதிதான். அதனால் பூஷணைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு பாசிவ் முறை பரவியது: சர்வர் ஒரு போர்ட்டைச் சொல்லும், நாமே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் போர்ட் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் சர்வர் பக்கத்தில் ஒரு பெரிய வரிசையையே திறந்துவைக்க வேண்டும். தலைவலி நம் தலையிலிருந்து அவர்கள் தலைக்குப் போனது.

எஃப்டிபிஎஸ்ஸில் இது இன்னும் மோசம். சாதாரண எஃப்டிபியில் ரவுட்டர் அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டு, "ஓ, இந்தப் போர்ட்டா" என்று தானே திறந்துவிடும். டிஎல்எஸ் போட்டதும் அதற்கு எதுவும் காதில் விழாது. "பாஸ்வேர்டு ஏற்றது, ஃபோல்டர் பட்டியல் மட்டும் வரவில்லை" என்று யாராவது சொன்னால், நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இந்த நோய்தான்.

9 பிப்ரவரி

இப்போது பாதிக் கோப்பு.

எஃப்டிபியில் வழக்கமாக ஓடும் முறையில் கோப்பு எவ்வளவு நீளம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சரக்கு இணைப்பு மூடப்பட்டால் கோப்பு முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான் ஒப்பந்தம். நீங்கள் அப்லோடு செய்துகொண்டிருக்கும்போது உங்கள் நிரல் செத்துப்போனால் என்ன ஆகும்? இயங்குதளம் ஒழுங்காக, மரியாதையாக, அந்த இணைப்பை மூடிவிடும். சர்வருக்குத் தெரிவது இணைப்பு மூடியது மட்டும். "சரி, முடிந்தது" என்று 226 பதிலை எழுதிவைத்துவிடும். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் எழுதும். லாக்கைத் திறந்து பார்த்தால் எல்லாம் வெற்றி.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது தினசரிக் கூத்து. வந்து விழும் கோப்புகளை ஒரு ஸ்கிரிப்ட் ஃபோல்டரில் காத்திருந்து எடுத்து அடுத்த வேலைக்கு அனுப்பும். பெரிய கோப்பு வந்துகொண்டிருக்கும்போதே அது பாய்ந்து எடுத்துவிடும். இத்தனைக்கும் இணைப்புகூட அறுந்திருக்காது. அவசரம்தான். யாரோ ஒரு புண்ணியவான் "அளவு மாறாமல் சில நொடிகள் இருந்தால் முடிந்ததாக வைத்துக்கொள்" என்று அதில் எழுதியிருந்தார். மழை நாளில் இணைப்பு நொண்டும்போது சில நொடிகள் சாதாரணம். மழை பெய்தால் எங்களுக்கு வேலை அதிகம்.

இதற்கு வழி நெறிமுறையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. கோப்பைத் தற்காலிகப் பெயரில் ஏற்ற வேண்டும், முழுதும் போனபிறகு உண்மைப் பெயருக்கு மாற்ற வேண்டும். பெயர் மாற்றுவது ஒரே வட்டுக்குள் என்றால் நொடியில் முடிகிற வேலை, பாதியில் நிற்காது. எடுக்கிற ஸ்கிரிப்ட் தற்காலிகப் பெயர்களைத் தொடவே கூடாது. எஃப்டிபியிலும் இதைச் செய்யலாம், பெயர்மாற்றக் கட்டளைகள் அதில் ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. ஆக, "மாறினால் தீருமா" என்ற கேள்விக்குப் பதில்: மாறுவதால் மட்டும் தீராது.

10 பிப்ரவரி

"எஸ்எஃப்டிபி இதைத் தானாகவே செய்யும்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். செய்யாது. எஸ்எஸ்எச்சின் பரவலான இலவச வடிவமான ஓபன்எஸ்எஸ்எச் தரும் எஸ்எஃப்டிபி நிரல் நேராக உண்மைப் பெயரிலேயே எழுதும். பாதியில் நின்றால் உண்மைப் பெயரில் பாதிக் கோப்பு. அவர் பயன்படுத்துவது வின்எஸ்சிபி என்ற விண்டோஸ் நிரலாக இருக்கும். அது பெரிய கோப்புகளுக்கு, இயல்பான அமைப்பில் 100 கேபிக்கு மேல் என்றால், கடைசியில் 'ஃபைல்பார்ட்' என்று ஒட்டு வைத்து ஏற்றிவிட்டுப் பிறகு மாற்றும். அது அந்த நிரலின் புத்திசாலித்தனம். நெறிமுறைக்கு அந்தப் பெருமை போகக் கூடாது.

ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு துண்டையும் "இந்தக் கோப்பில் இந்த இடத்திலிருந்து எழுது" என்று சொல்லி அனுப்புவார்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் வரும், கடைசியில் கோப்பை மூடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். அனுப்புகிறவருக்கு முடிந்ததா இல்லையா என்று ஐயமில்லாமல் தெரியும். ஆனால் மறுபக்கம் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாம் ஆளுக்கு அது எதுவும் தெரியாது. உங்கள் அச்சகத்தில் இருப்பது அந்த மூன்றாம் ஆள்.

10 பிப்ரவரி, மாலை

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: சில சர்வர்களில் உங்கள் கணக்குக்கு எழுத மட்டும் அனுமதி இருக்கும், பெயர் மாற்ற இருக்காது. வின்எஸ்சிபி அப்போது கோப்பை முழுதும் ஏற்றிவிட்டு, கடைசி நொடியில் அழும். அச்சகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். தர மறுத்தால் இன்னொரு வழி: பிடிஎஃப் போனபிறகு அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை 'முடிந்தது' என்ற ஒட்டோடு அனுப்புங்கள். அது வந்த பிறகுதான் அவர்கள் பிடிஎஃப்பைத் தொட வேண்டும். அழகில்லை, ஆனால் ஓடும்.

13 பிப்ரவரி

ஆஸ்கி முறையைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆர்எஃப்சியின்படி எஃப்டிபியில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஆஸ்கிதான். அதாவது வரி முடிவுக் குறிகளை வழியில் மாற்றும். விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு பைட், யூனிக்ஸில் ஒன்று. கடிதத்துக்கு நல்லது. படத்தையோ பிடிஎஃப்பையோ இப்படி அனுப்பினால் எங்கெல்லாம் வரி முடிவுக்கான பைட் தற்செயலாக வருகிறதோ அங்கெல்லாம் கத்தி வைக்கும். கோப்பு அளவு கொஞ்சம் கூடியோ குறைந்தோ வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பிஎன்ஜி வடிவத்தை உருவாக்கியவர்கள் இதில் அடிபட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிஎன்ஜி கோப்பின் முதல் 8 பைட்டுகளில் இரண்டு வகை வரி முடிவையும் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். வழியில் யாராவது மாற்றியிருந்தால் திறந்தவுடனே தெரிந்துவிடும், படத்தின் நடுவில் போய்த் தடுக்கி விழ வேண்டாம். பொறி வைத்துப் பிடிக்கிற கோப்பு வடிவம்.

17 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் மாறிவிட்டாராம். "ஒரு ஃபோல்டர் இரண்டு தடவை தெரிகிறது, பெயர் ஒன்றே" என்கிறார். ஃபோல்டர் பெயர் 'கொள்முதல்'. பக்கத்தில் இருக்கும் 'ரசீது' ஒழுங்காக ஒன்றுதான் இருக்கிறதாம்.

அடடா, இதற்காகத்தான் காத்திருந்தேன். அலுவலகத்தில் யாரிடமாவது பழைய மேக் இருக்கிறதா?

யூனிகோடில் ஒகர உயிர்மெய்யை இரண்டு விதமாக எழுதலாம். 'கொ' என்பதைக் ககரம், அதோடு கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி என்று இரண்டு குறியீடாக வைக்கலாம். அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இது உண்டு. 'ரசீது'வில் அப்படிப்பட்ட எழுத்து இல்லை, அதனால் தப்பித்தது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு முறை எந்தப் பெயரையும் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸும் லினக்ஸும் நீங்கள் தட்டியதை அப்படியே வைத்துக்கொள்ளும், நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்ந்த வடிவத்தைத்தான் தட்டும். லினக்ஸ் சர்வருக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பைட் வேறு என்றால் கோப்பும் வேறு.

ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் நிரலில் இதற்கு 'ஐகான்வ்' என்ற தெரிவு இருக்கிறது, பெயரை வழியிலேயே சேர்த்து எழுதிவிடும். 3.0 பதிப்பிலிருந்துதான் உண்டு. மேக்கோடு ஆப்பிள் வெகுகாலம் கொடுத்துவந்தது 2.6.9. எனவே மேக்கில் புதிதாக நிறுவித்தான் ஆக வேண்டும். எஸ்எஃப்டிபி இந்த வேலைக்கு வராது. முதலில் சர்வரில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். இரண்டு ஃபோல்டரிலும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றை அழித்துவிடாதீர்கள், இரண்டிலும் வேறு வேறு கோப்புகள் இருக்க வாய்ப்பு அதிகம்.

18 பிப்ரவரி

தமிழ்ப் பெயர் பேச்சு வந்ததால் இன்னொன்று. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வட்டில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 85 குறியீடுகள். 'க்' என்பதே இரண்டு குறியீடு, 'தி' இரண்டு. கணக்குப் போட்டால் ஐம்பது எழுத்தை ஒட்டி மூச்சு நின்றுவிடும். விண்டோஸில் அதே எல்லை பைட்டில் இல்லை, 255 குறியீடு வரை போகலாம். அதனால் விண்டோஸில் சுகமாக இருந்த கோப்பு சர்வருக்குப் போகும்போது "பெயர் நீளம்" என்று திரும்பிவரும்.

ஓர் அலுவலகத்தில் சுற்றறிக்கைகளின் முழுத் தலைப்பையே கோப்புப் பெயராக வைத்திருந்தார்கள், பொருள், பார்வை எல்லாம் சேர்த்து. அவற்றை இடம் மாற்றியபோது ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் போய்விட்டன, தமிழ் மட்டும் நின்றுவிட்டது. சர்வருக்குத் தமிழ் ஆகாது என்று அங்கே ஒருவர் முடிவே கட்டிவிட்டார்.

24 பிப்ரவரி

"எஃப்டிபியில் பறந்தது, எஸ்எஃப்டிபியில் நகர்கிறது." இந்தப் புகார் எதிர்பார்த்ததுதான். பலர் மறைகுறியாக்கத்தின் மேல் பழி போடுவார்கள். இன்றைய செயலிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காரணம் தூரம்.

எஃப்டிபியும் எஸ்எஸ்எச்சும் ஏறிப் போகும் வண்டியான டிசிபி எதையும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராமல் எவ்வளவு வரை அனுப்பலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பழைய அளவு 64 கேபி. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்வர 200 மில்லி நொடிக்கு மேல் ஆகும். 200 என்றே வைத்தாலும் நொடிக்கு 5 தடவைதான் 64 கேபி போகும், அதாவது 320 கேபி. உங்கள் இணைப்பு எத்தனை நூறு எம்பிபிஎஸ் என்றாலும் அதேதான். 1992-இல் அந்த எல்லையைப் பெருக்க வழி வந்துவிட்டது, இப்போது டிசிபி அங்கே நிற்பதில்லை. ஆனால் எஸ்எஸ்எச் டிசிபிக்கு மேலே தனக்கென்று இன்னொரு எல்லை வைத்திருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எச்சில் அது சுமார் 2 எம்பி. அதே தூரத்துக்கு நொடிக்கு 10 எம்பி. அச்சகம் பக்கத்து ஊரில் இருந்தால் இது எதுவும் உங்களைத் தொடாது.

உங்களைத் தொடுவது வேறு, சிறு கோப்புகள். ஒவ்வொரு கோப்புக்கும் திற, எழுது, மூடு, தேதி வை என்று தனித்தனியே போய்வர வேண்டும். ஆயிரக்கணக்கில் எழுத்துரு, படம் என்று ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் வரிசையில் நிற்கும். சுருக்கி ஒரே கோப்பாக்கி அனுப்புங்கள்.

24 பிப்ரவரி, பின்னிரவு

தூரக் கணக்கின் உச்சம் டிஎஃப்டிபி என்ற மிக எளிய கோப்பு அனுப்பும் முறை. 512 பைட் அனுப்பும், பதில் வரும்வரை சும்மா நிற்கும், அடுத்த 512. அமெரிக்கா வரை இதை ஓட்டினால் நொடிக்கு இரண்டரை கேபி. பாஸ்வேர்டு கிடையாது, ஃபோல்டர் பட்டியல் கிடையாது. துண்டு எண்ணுக்கு 16 பிட்தான் இடம் என்பதால் பழைய முறையில் 32 எம்பியைத் தாண்டாது.

ஆனாலும் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். செத்துப்போன ரவுட்டரை எழுப்ப, வட்டே இல்லாத கணினியை வலையிலிருந்து துவக்க, இன்றும் அதுதான். காரணம் அதன் சிறுமை. துவக்கச் சில்லுக்குள் திணிக்கிற அளவுக்குச் சின்ன நிரலாக எழுத முடியும். ரவுட்டரில் பவர் கொடுத்த சில நொடி இடைவெளியில் கோப்பைத் தள்ளி, விளக்கு மின்னுவதைப் பார்த்துக்கொண்டு, மின்சாரம் போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும்.

2 மார்ச்

ஆர்சிங்க் பற்றித் தனி இழை வேண்டும் என்கிறார்கள். வேண்டாம், இங்கேயே.

ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் ஆஸ்திரேலியாவில் 1996-இல் வெளியிட்டது. விண்டோஸ் பகிர்வை யூனிக்ஸோடு பேசவைத்த சாம்பாவும் ட்ரிட்ஜெலுடையதுதான். ஆர்சிங்க்கின் சாமர்த்தியம்: இரண்டு கணினியிலும் ஒரே கோப்பின் பழைய, புதிய வடிவங்கள் இருந்தால், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமலேயே எது மாறியது என்று கண்டுபிடித்து அதை மட்டும் அனுப்பும். ஒருபக்கம் கோப்பைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டெண் போட்டு அனுப்பும். மறுபக்கம் தன் கோப்பின் மேல் ஒரு பைட் ஒரு பைட்டாக நகர்ந்துகொண்டே அந்தக் கூட்டெண் எங்கே பொருந்துகிறது என்று தேடும். நகரும்போது முழுக்கத் திரும்பக் கூட்டாமல், போன பைட்டைக் கழித்து வந்த பைட்டைச் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் நடுவில் ஒரு வரி செருகினாலும் மீதியை அடையாளம் காண்கிறது.

உங்கள் பிடிஎஃப்பில் இந்தச் சாமர்த்தியம் அதிகம் எடுபடாது. உள்ளே சுருக்கிவைத்திருப்பதால் ஒரு பக்கத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டால் பைட்டுகள் எங்கெங்கோ மாறிவிடும்.

பிப்ரவரி 9-ஆம் தேதி எழுதிய தற்காலிகப் பெயர் விஷயத்தை ஆர்சிங்க் கேட்காமலே செய்கிறது. புள்ளியில் தொடங்கும் பெயரில் எழுதி, முடிந்ததும் மாற்றும். எஸ்எஸ்எச் மேலேயே ஓடும். அச்சகம் அனுமதித்தால் இதுதான் என் சிபாரிசு.

எச்சரிக்கை: மூல ஃபோல்டர் பெயரின் முடிவில் சாய்வுகோடு வைத்தால் உள்ளே இருப்பவை போகும், வைக்காவிட்டால் ஃபோல்டரே போகும். இந்த ஒரு கோட்டோடு 'டிலீட்' தெரிவும் சேர்ந்தால் மறுபக்கம் காலியாகும். முதலில் 'என்' தெரிவு போட்டு ஒத்திகை பாருங்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும்.

3 மார்ச்

இன்னொரு சந்தேகம் வந்திருக்கிறது: கோப்பு மாறியதா என்று ஆர்சிங்க்குக்கு எப்படித் தெரியும்? அளவும் தேதியும் ஒன்றாக இருந்தால் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளும், உள்ளே பார்க்காது. பார்க்க வேண்டும் என்றால் 'செக்சம்' தெரிவு. மெதுவாக இருக்கும்.

இதோடு ஒட்டி, "டிசிபியே பிழை பார்க்கிறதே, நாம் ஏன் பார்க்க வேண்டும்" என்பவருக்கு: டிசிபியின் கூட்டெண் வெறும் 16 பிட். 2000-இல் ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்ற இருவர் உண்மையான வலைப் போக்குவரத்தை ஆராய்ந்து, 1.6 கோடியிலிருந்து 1000 கோடி பொட்டலங்களுக்கு ஒன்று பிழையோடு கண்ணில் படாமல் நழுவலாம் என்று கணக்கிட்டார்கள். எஸ்எஸ்எச்சில் அப்படி நழுவாது. அது தன் முத்திரையைத் தனியாகச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் இணைப்பையே வெட்டிவிடும். ஆனால் சர்வரின் வட்டில் எழுதும்போது கெட்டால் அதற்குத் தெரியாது. விலை உயர்ந்த வேலை என்றால் இரண்டு பக்கமும் எஸ்எச்ஏ256 என்ற நீளமான கூட்டெண் போட்டு ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை, அச்சு ஓடினபின் தெரிவதைவிட மலிவு.

8 மார்ச்

வேலையில்லாத வெள்ளிக்கிழமை. "ஷேர்இட் போதுமே" என்று ஒருவர். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஷேர்இட்டும் ஸெண்டரும் உண்டு ஐயா.

"புறாக்காலில் கட்டி இணையப் பொட்டலம் அனுப்பினார்களாமே" என்று கேட்டவருக்கு: உண்மைதான். 1990 ஏப்ரல் முதல் தேதி கேலிக்காக வந்த ஆர்எஃப்சி 1149-ஐ 2001-இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். 9 பொட்டலம் புறாக்காலில் போனது, 4 பதில் வந்தது. வேகமான பதிலுக்கே 50 நிமிடத்துக்கு மேல். எங்கள் தெரு இணைப்பு மழைக்காலத்தில் இதற்குச் சற்று முன்னே நிற்கும்.

15 மார்ச்

எஃப்டிபியை எரித்துவிட வேண்டும் என்ற தொனி இழையில் ஏறிவிட்டது. பெரிய இடங்கள் கைவிட்டது உண்மை. லினக்ஸ் கர்னல் தளமும் டெபியனும் 2017-இல் பொது எஃப்டிபியை மூடின. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 2021-இல் அந்த நிரலையே தூக்கின. ஆனால் அலுவலக மூலையில் நிற்கும் நகல் எந்திரத்துக்கு ஸ்கேன் செய்ததை அனுப்ப எஃப்டிபியும் விண்டோஸ் பகிர்வின் பழைய முறையான எஸ்எம்பி 1-உம் மட்டும்தான் தெரியும். எஸ்எம்பி 1 என்றால் அதன் ஓட்டை வழியாகப் பரவிய 2017 மே மாத வான்னாகிரை தாக்குதல் நினைவு வரும். இரண்டில் நான் எஃப்டிபியைத்தான் எடுப்பேன்: உள்வலைக்குள் மட்டும், அந்த எந்திரத்துக்கென்று தனிக் கணக்கு, ஒரே ஒரு ஃபோல்டர். எந்திரத்தை மாற்றப் பணம் இருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி தொடர்பாக ஒரு குறிப்பும் இங்கே. 2022 ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0-இலிருந்து எஸ்சிபி கட்டளை உள்ளே எஸ்எஃப்டிபியைத்தான் ஓட்டுகிறது. சிறு ரவுட்டர்களில் எஸ்எஃப்டிபி இருக்காது, அங்கே "நேற்று வரை ஓடியதே" என்று நிற்கும். கழித்தல் குறியோடு ஆங்கிலப் பெரிய 'ஓ' எழுத்தைச் சேர்த்தால் பழைய முறைக்குப் போகும்.

31 மார்ச்

எக்ஸ்இசட் செய்தியைப் படித்துவிட்டு மூன்று பேர் "எஸ்எஸ்எச்சும் போச்சா" என்று கேட்டாயிற்று. சுருக்கமாக: சுருக்கல் நூலகமான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்திருக்கிறார்கள். சில லினக்ஸ்களில் எஸ்எஸ்எச் சர்வர் சுற்றுவழியில் அந்த நூலகத்தை ஏற்றிக்கொள்ளும். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்திருக்கிறார். நிலையான டெபியன் ஓட்டுபவர்களுக்குப் பாதிப்பில்லை. சோதனைப் பதிப்பு ஓட்டுபவர்கள் இன்றே பாருங்கள்.

போன வருடம் மூவ்இட் கதையும் இப்படித்தான். கோப்புப் பரிமாற்றத்துக்கென்றே விற்ற மென்பொருள், எஸ்எஃப்டிபி எல்லாம் அதில் உண்டு. 2023 மே கடைசியில் திருடர்கள் அதன் வலைப்பக்கத்தில் எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கட்டளை) ஓட்டை வழியாக நுழைந்தார்கள். வழியில் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை, சேர்த்துவைத்த இடத்திலேயே அள்ளினார்கள். அனுப்பி முடிந்த கோப்பை அச்சகம் எடுத்தபின் அங்கேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். பழைய எஃப்டிபி கணக்கை மூடச் சொல்லுங்கள். புதிய கணக்குக்கும் பழைய பாஸ்வேர்டையே தந்திருந்தால், அது இத்தனை நாள் வலையில் மூடாமல் போய்வந்த பாஸ்வேர்டு.

6 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பாதிக் கோப்பு நின்றுவிட்டதாம், பெயர்மாற்ற அனுமதி கிடைத்ததாம். ஆனால் இன்று காலை இணைக்கும்போது "சர்வரின் சாவி மாறியிருக்கிறது" என்று பெரிய எச்சரிக்கை. அச்சகத்தில் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை, ஆம் என்று அழுத்துங்கள்" என்கிறார்களாம்.

அழுத்தாதீர்கள். அவர்கள் சர்வரைப் புதிதாக நிறுவியிருந்தால் இது நியாயமாக வரக்கூடியதுதான். ஆனால் நடுவில் வேறொருவர் சர்வர் வேடம் போட்டு நின்றாலும் இதே எச்சரிக்கைதான் வரும், உங்கள் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எஸ்எச்ஏ256 விரல்ரேகை என்று ஒரு வரிசை காட்டுகிறதல்லவா, 43 எழுத்து. அச்சகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரை, நீங்கள் ஏற்கனவே வைத்திருக்கும் எண்ணில், போனில் கூப்பிடுங்கள். சர்வர் முன்னால் உட்கார்ந்து அவர் அந்த விரல்ரேகையைப் படிக்கட்டும், நீங்கள் திரையில் சரிபாருங்கள். முதல் நாலும் கடைசி நாலும் மட்டும் போதாது, முழுக்க. ஒத்துப்போனால் பழைய சாவியை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் எஸ்எஸ்எச் கீஜென் கட்டளையைச் சின்ன 'எல்' தெரிவோடு சர்வரின் பொதுச் சாவிக் கோப்பின் மேல் ஓட்டச் சொல்லுங்கள். அதுவரை இன்றைய பிடிஎஃப்பைப் பென்டிரைவில் கொடுத்து ஆளை அனுப்பிவிடுங்கள்.